சிந்து: ஓர் ஆற்றுப் பெயரின் வரலாறு

சிந்து ஆறு திபெத்தில் கயிலை மலைப் பகுதியில் பிறக்கிறது. லடாக்கைக் கடந்து பாகிஸ்தானில் நெடுந்தொலைவு ஓடி அரபிக்கடலில் சேர்கிறது. நீளம் ஏறத்தாழ 3,180 கி.மீ. ஒரு நாட்டுக்கும் ஒரு சமயத்துக்கும் பெயர் தந்த ஆறு இது.

ரிக்வேதத்தில் 'சிந்து' இந்த ஆற்றின் தனிப்பெயராகவும் ஆறு என்னும் பொதுச்சொல்லாகவும் வருகிறது. வடமொழியில் அச்சொல் கடலையும் குறிக்கும். அச்சொல் மேற்கே போனபோதுதான் உருமாறியது. பழைய ஈரானிய மொழிகளில் சகர ஒலி ஹகரமாகும்: சோமம் அங்கே ஹவோமம், சப்த சிந்து அங்கே 'ஹப்த ஹிந்து'. பாரசீகப் பேரரசன் முதலாம் தாரயவுசின் கல்வெட்டுகளில் இந்த ஆற்றுநாடு 'ஹிதுஷ்' எனப் பொறிக்கப்பட்டிருக்கிறது. மெய்யெழுத்துக்கு முன்வரும் நகரத்தை எழுதாமல் விடுவது அந்த எழுத்துமுறையின் வழக்கம். அயோனியக் கிரேக்கரின் பேச்சில் ஹகரமும் இல்லை; அவர்களிடம் அது 'இந்தோஸ்' ஆனது. இலத்தீனில் 'இந்துஸ்'.

தரைவழி போன பெயர் இப்படித் தேய, கடல்வழி போன பெயர் தேயாமல் நின்றது. முசிறித் துறைமுகத்தைப் பற்றிப் பேசும் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்', ஆற்றைச் 'சிந்தோஸ்' என்றே சொல்கிறது. துறைக்கு வந்து போன மாலுமிகள் கரையில் கேட்டதை அப்படியே எடுத்துச் சென்றிருக்க வேண்டும். அதே நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினியும் உள்ளூரார் 'சிந்துஸ்' என்பதாகக் குறித்தார்.

சீனத்தில் பழைய வடிவம் 'ஷென்து'. 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் 'யிந்து' என்பதே சரி என்றார். நிலவைக் குறிக்கும் 'இந்து' என்ற சொல்லோடு அதைப் பொருத்திப் பார்த்தார். அழகான விளக்கம், ஆனால் பெயர் வந்த வழி அதுவல்ல. அரபியர் சிந்துவெளியை 'சிந்த்' என்றும் அதற்கப்பாலுள்ள நாட்டை 'ஹிந்த்' என்றும் பிரித்து வழங்கினர். ஒரே சொல்லின் இரு வடிவங்கள் இரு நாடுகளாகிவிட்டன! ஆற்றை அவர்கள் அழைத்தது 'மிஹ்ரான்' என்று.

அந்தப் பெயர் சிந்தி மொழியில் 'மெஹ்ரான்' என இன்றும் வழங்குகிறது. பஷ்தூனியருக்கு இது 'அபாசின்', ஆறுகளின் தந்தை. திபெத்தியர் 'செங்கே கபாப்' என்பர். சிங்க வாயிலிருந்து வருவது என்று பொருள். கயிலையைச் சூழ்ந்து பிறக்கும் மற்ற மூன்று ஆறுகளுக்கு யானை, குதிரை, மயில் ஆகியவற்றின் வாய்களைச் சொல்வார்கள்.

1947இல் நாடு பிரிந்தபோது ஆற்றின் பெரும்பகுதி பாகிஸ்தானுக்குள் அமைந்தது. கிரேக்கர் தந்த வடிவம் இந்தியாவிடம் இருக்கிறது. சகரம் மாறாத வடிவம் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திடம்.