இணைப்பு வடங்களும் மின்னணு இசையும்: ஒரு வரலாற்று நோக்கு

செங்கற்பட்டுச் சந்திப்பில் இருப்புப்பாதை பிரிகிறது. ஒரு கிளை விழுப்புரம் நோக்கித் தெற்கே செல்கிறது. மற்றொன்று காஞ்சிபுரம் வழியாக அரக்கோணத்தை அடைகிறது. பாதையை மாற்றி இணைக்கும் வசதி இல்லையேல் சந்திப்பு என்னும் பெயருக்கே பொருளில்லை. மின்னணு இசையின் தொடக்க வரலாறும் இத்தகைய இணைப்புகளின் வரலாறே ஆகும்.

அவ்வரலாறு இசையரங்கில் தொடங்கவில்லை. தொலைபேசி நிலையத்தில் தொடங்கியது. 1878ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வணிக முறையிலான முதல் தொலைபேசி இணைப்பகம் ஏற்பட்டது. ஒருவர் பேச்சை மற்றொருவரிடம் சேர்க்க, இணைப்பாளர் கையால் கம்பிகளை இணைக்க வேண்டியிருந்தது. இதற்கெனச் சிகாகோவில் சார்லஸ் ஸ்கிரிப்னர் என்னும் பொறியாளர் வகுத்த அமைப்பு மடக்குக் கத்தியை ஒத்திருந்தது. அக்கத்தியின் ஆங்கிலப் பெயரான 'ஜாக் நைஃப்' என்பதிலிருந்தே 'ஜாக்' என்னும் சொல் பிறந்தது. கால் அங்குலத் தடிமன் கொண்ட பிளக்கும் அதனை ஏற்கும் ஜாக்கும் இவ்வாறு வழக்கிற்கு வந்தன. 1882இல் சென்னையும் தொலைபேசி இணைப்பகம் பெற்றது. பின்னர் வானொலி நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் இம்முறையைத் தொலைபேசித் துறையிடமிருந்து கடன் பெற்றன.

1960களின் நடுவில் இராபர்ட் மூக், டொனால்டு புக்லா ஆகிய இருவர், ஒருவர் நியூயார்க் மாநிலத்திலும் மற்றவர் கலிபோர்னியாவிலுமாக, தனித்தனியே மின்னணு இசைக்கருவிகளை உருவாக்கினர். ஒலியைப் பிறப்பிக்கும் பெட்டி, அதன் நிறத்தை வடிக்கும் பெட்டி, அதன் எழுச்சியையும் தணிவையும் வகுக்கும் பெட்டி எனப் பகுதிகள் பிரிந்தே நின்றன. அவற்றை வடங்களால் இணைத்தால்தான் நாதம் எழும். இவ்வாறு இணைத்தலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பேட்ச்' என்ற சொல்லுக்கு ஒட்டுப்போடுதல் என்பது பொருள்.

இருவர் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. புக்லா, ஒலி செல்லும் வழிக்குச் சிறு ஜாக்கும், ஒலியை ஆளும் மின்னழுத்தம் செல்லும் வழிக்கு 'பனானா' பிளக்கும் வைத்து இரண்டையும் பிரித்தார். மூக் இரண்டிற்கும் கால் அங்குல ஜாக்கையே பயன்படுத்தினார். எனவே அவர் கருவியில் ஓர் ஒலியே மற்றோர் ஒலியை ஆளவும் இயலும். ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும் என்பது அவர் வகுத்த அளவு. மின்னழுத்தம் படிப்படியாக அன்றித் தொடர்ச்சியாகவும் மாறவல்லது. ஆதலால் சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்ணொலிகளுக்கும் அங்கு இடமிருந்தது. கமகத்தை உயிராகக் கொண்ட இந்திய இசைக்கு இது சிறிய செய்தியன்று.

1969இல் அக்கருவி இந்தியாவிற்கு வந்தது. அகமதாபாத்தில் 1961இல் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் மூக் கருவியை நிறுவினார். இதன் பின்னணியில் ஓர் இசை நட்பு இருந்தது. 1946இல் நியூயார்க் சென்ற கீதா சாராபாய், ஜான் கேஜுக்கு இந்திய இசை கற்பித்து, அவரிடம் மேலை இசை பயின்றார். அந்நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கௌதம் சாராபாய் இவருடைய உடன்பிறந்தவர். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கு இசை படைத்தனர். அதன்பின் அம்முயற்சி ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. இங்கிலாந்தைச் சேர்ந்த பால் பர்கஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 2023இல் அவற்றின் தொகுப்பு வெளிவந்தது.

இதற்கிடையில் வடங்களின் காலமே மாறிவிட்டது. 1969இல் இலண்டனில் உருவான வி.சி.எஸ். 3 கருவி, வடங்களுக்குப் பதிலாகக் கட்டத்தில் செருகும் சிறு ஊசிகளைக் கொண்டிருந்தது. 1970இல் வந்த மினிமூக் இணைப்புகளை உள்ளேயே நிலைப்படுத்தியது. 1983இல் அறிமுகமான 'மிடி' முறையில், ஐந்து ஊசி கொண்ட ஒரே பிளக் வழியாக எண்களே கட்டளைகளாகச் சென்றன. தமிழ்த் திரையுலகில் இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்தில் கணினிவழி இசையைக் கையாண்ட 1986இல், அகமதாபாத்து முயற்சி ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தது.

இங்கு ஓர் இழப்பு எண்ணத்தக்கது. வடங்களை உருவிவிட்டால், அவற்றால் எழுந்த நாதத்திற்குச் சுவடே இராது. இணைப்பை எவரேனும் தாளில் வரைந்து வைத்தால் உண்டு. இல்லையேல் அதே ஒலியை மீண்டும் எழுப்புதல் அரிது. ஒலிநாடா இசையைக் காக்கும். அது பிறந்த வழியைக் காக்காது. மாமல்லபுரக் கடற்கரையின் நிலை வேறு. அங்கு முற்றுப்பெறாத இரதங்கள், பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிவந்த முறையை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் காட்டி நிற்கின்றன. உளி நின்ற இடம் கல்லில் தெரிகிறது.

அகமதாபாத்தில் இசை பிழைத்தது, எவரோ ஒருவர் நாடாக்களை எறிந்துவிடாமல் அலமாரியில் வைத்திருந்தமையால்தான். முடிந்த படைப்பைப் போற்றும் அளவிற்கு, அது உருவான வழியையும் எழுதி வைத்தல் கலைஞர் கூட்டங்களின் கடமை. கவிஞனின் அடித்தல் திருத்தல்களும் இணைப்பு வடங்களே. அவற்றை உருவி எறியுமுன் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.