காணாமப் போன ப்ரீசெட்டும் கொஞ்சம் சரித்திரமும்

கொசுவத்தி சுத்தற பதிவுதான். பொட்டி சமாச்சாரம் அலர்ஜின்னா இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க மக்களே :-)

போன மாசம் புதுக் கணினி வாங்கினேன். லைட்ரூமைப் போட்டு, பழைய பொட்டியில இருந்து கொண்டுவந்த கேட்டலாகைத் திறந்தா படமெல்லாம் இருக்கு, நான் செஞ்சு வெச்சிருந்த ப்ரீசெட் ஒண்ணுகூட இல்லை. மத்தது போனாப் போகுது, 'அப்பா சிவப்பு' போனதுதான் வயித்தக் கலக்கிடுச்சு. அப்பாவோட 1970கள் கலர் படங்களுக்காக ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து செஞ்சது அது. அந்தக் காலத்துப் பிரிண்ட்கள்ல சயான் சாயம்தான் முதல்ல மங்கும். அதான் எல்லார் மூஞ்சியிலயும் குங்குமம் அப்பின மாதிரி. 140 படத்துல 60 முடிஞ்சிருந்தது. திதிக்குள்ள ஆல்பம் தர்றேன்னு அக்காகிட்ட சொல்லி வேற வெச்சாச்சு. பழைய பொட்டியையோ துடைச்சு சுத்தமா மச்சான் பையனுக்குக் குடுத்துட்டேன்.

தேடப் போன வழியில கிடைச்சதுதான் இந்தச் சரித்திரம்.

நோல் சகோதரர்கள் எழுதின போட்டோஷாப் 1.0 வந்தது 1990 பிப்ரவரியில. அதுல எதை மாத்தினாலும் படத்தோட புள்ளிகளே மாறிடும். 2003ல அண்ணன் தம்பியில ஒருத்தரான தாமஸ் நோல் எழுதின கேமரா ரா வந்தது. அது மூலப் படத்தைத் தொடாது. வெளிச்சம் இவ்வளவு, நிறம் இவ்வளவுன்னு எண்களை மட்டும் தனியா எழுதி வெச்சுக்கும். திருத்தம்ங்கறது வெறும் எண் பட்டியல் ஆனப்புறம் அதுக்கு ஒரு பேர் வெச்சு அடுத்த படத்துக்கும் போடறது பெரிய விஷயமா? ப்ரீசெட்டோட ஜாதகமே இதுதான்.

அடுத்து மார்க் ஹாம்பர்க். இவர் ஷேடோலேண்ட்னு செல்லப்பேர் வெச்சு ஆரம்பிச்சதுதான் லைட்ரூம். 2006 ஜனவரியில மேக்குக்கு மட்டும் சோதனைப் பதிப்பு, 2007 பிப்ரவரியில 1.0. இதுல கணிசமான பகுதி லுவா மொழியில எழுதினது. பிரேசில்ல, ரியோ பல்கலைக்கழகம் ஒண்ணுல 1993ல பிறந்த மொழி; போர்ச்சுகீசுல லுவான்னா நிலா. பழைய ப்ரீசெட் கோப்புகள் எல்ஆர்டெம்ப்ளேட்னு முடியுமே, அதுவும் லுவாதான். நோட்பேட்ல திறந்தா எண்ணெல்லாம் பளிச்னு படிக்கலாம்.

2018 ஏப்ரல்ல வந்த 7.3ல இது மாறிச்சு. ப்ரீசெட் எல்லாம் எக்ஸ்எம்பி ஆகி, லைட்ரூமோட சொந்த ஃபோல்டரை விட்டு கேமரா ராவோட செட்டிங்ஸ் ஃபோல்டருக்குக் குடிபோச்சு. ஒரே ப்ரீசெட் ரெண்டுலயும் ஓடணும்ங்கறதுக்காக. நல்ல காரியம்தான், ஆனா பழைய விலாசத்துல போய்த் தேடினா கிடைக்காது. போதாக்குறைக்கு விண்டோஸ்ல ஆப்டேட்டா ஃபோல்டர் மறைஞ்சே இருக்கும், மேக்ல 2011லேர்ந்து லைப்ரரி ஃபோல்டரும் அப்படித்தான்.

என் கதை இது ரெண்டுமே இல்லை. 'ப்ரீசெட்களை இந்தக் கேட்டலாகோடயே வை'ன்னு ஒரு டிக் பொட்டி உண்டு. என்னைக்கோ ஒரு நாள் ஐயா அதை டிக் பண்ணியிருக்கார். அப்படிப் பண்ணினா கேட்டலாக் பக்கத்துலயே 'லைட்ரூம் செட்டிங்ஸ்'னு ஒரு ஃபோல்டர் உருவாகி, ப்ரீசெட் எல்லாம் அதுல போய் உக்காந்துக்கும். நான் கேட்டலாக் கோப்பை மட்டும் காப்பி பண்ணிட்டு, பக்கத்துல இருந்த ஃபோல்டரை அம்போன்னு விட்டுட்டேன். அதுவும் பழைய பொட்டியோட துடைச்சுப் போச்சு. "பேக்கப் எடுத்தேன்னு மூணு நாள் பீத்திக்கிட்டீங்களே"ன்னாங்க தங்கமணி.

அப்புறம்தான் மண்டையில பல்பு எரிஞ்சுது. கேட்டலாக்ங்கறது ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம். ஒவ்வொரு படத்துக்கும் என்னென்ன பண்ணினோம்னு அதுல வரிசையா பதிஞ்சிருக்கும். முடிச்ச படம் ஒண்ணைத் திறந்து ஹிஸ்டரி பலகையைப் பாத்தா, கீழ்ப்பக்கம் 'ப்ரீசெட்: அப்பா சிவப்பு'! அந்த வரியை க்ளிக் பண்ணினதும் படம் அந்த நிலைக்குத் திரும்பிச்சு. அங்கிருந்தே நிறம், வெளிச்சம் சம்பந்தப்பட்டதை மட்டும் டிக் பண்ணி புது ப்ரீசெட்டா சேமிச்சேன். 

61வது படம், அப்பா லாம்ப்ரெட்டா மேல சாஞ்சு நிக்கறது. ப்ரீசெட்டைப் போட்டேன். ரோஸ் சட்டைன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தோம், வெள்ளைச் சட்டை! அக்காவுக்கு போன் போட்டேன், "நான்தான் அப்பவே சொன்னேனே"ங்கறா. இன்னும் 79 பாக்கி.