காவிரிக் குடும்பம்

ஆற்று நீரை அளப்பதற்குக் கருவிகள் உண்டு. தேக்குவதற்கு அணைகள் உண்டு. ஆயின் அதனைப் பகிர்ந்துகொள்வதற்குக் கல்லும் சுண்ணாம்பும் போதா. கூடியிருந்து பேசும் மனமும் வேண்டும். இவ்வுண்மையைக் காவிரியின் நூற்றாண்டு வரலாறு நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

குடகு மலையில் தோன்றி, மைசூர்ச் சீமையைக் கடந்து, தஞ்சைத் தரணியில் பல கிளைகளாய்ப் பிரிந்து கடல் சேரும் இவ்வாற்றைக் குறித்து 1892ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை எழுந்தது. சென்னை அரசின் இசைவைப் பெறாமல் மைசூர் அரசு புதிய பாசனத் தேக்கங்களைக் கட்டுதல் ஆகாது என்பதே அதன் சாரம். பின்னர்க் கண்ணம்பாடியில் அணை கட்ட மைசூர் முற்பட்டபோது பூசல் மூண்டது. நடுவராக அமர்ந்த கிரிபின் என்பார் 1914இல் அளித்த முடிவு சென்னைக்கு உடன்பாடாகவில்லை. நெடிய பேச்சுகளின் பின்னர் 1924இல் மற்றோர் உடன்படிக்கை உருவாயிற்று. கண்ணம்பாடி அணைக்கு இசைவு கிடைத்தது; மேட்டூர் அணையும் 1934இல் நிறைவெய்தியது.

இவ்வுடன்படிக்கைகளை எழுதியோர் யாவர்? அரசாங்க அதிகாரிகளும் பொறியியல் வல்லுநர்களுமே. ஏர் பிடித்த கைகளுக்கு அங்கே இடமில்லை. 1924ஆம் ஆண்டு உடன்படிக்கையின் சில விதிகளை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராயலாம் என்று குறித்திருந்தனர். 1974 வந்தது. உடன்படிக்கை முடிந்துவிட்டது என்றது கருநாடகம். முடியவில்லை என்றது தமிழகம். அமைச்சர்கள் பன்முறை கூடினர், கூடியவாறே கலைந்தனர்.

இந்நிலையில் உழவர்களே முன்வந்தனர். தஞ்சைப் பகுதி உழவர் சங்கம் ஒன்று 1983இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அவ்வழக்கின் பயனாக 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் விடவேண்டும் என அம்மன்றம் 1991இல் இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஆணையைத் தொடர்ந்து கருநாடகத்தில் கலவரம் மூண்டு, அங்கு வாழ்ந்த தமிழர் பலர் வீடும் பொருளும் இழந்தனர். நீதி வழங்கப்படலாம், நெஞ்சங்கள் இணைவதற்கு ஆணை மட்டும் போதாது அன்றோ?

2002இல் பருவமழை பொய்த்து, இரு மாநில உழவர்களும் வாடினர். மறு ஆண்டு, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் அவ்வுழவர்கள் ஒரே அரங்கில் அமர்ந்தனர். அக்கூட்டமைப்பே 'காவிரிக் குடும்பம்' எனப் பெயர் பெற்றது. ஒருவர் மற்றவர் வயல்களைச் சென்று கண்டனர். மேட்டூர் திறக்கும் நாளை நோக்கி நாற்றங்கால் காத்திருப்பதை அவர்கள் அறிந்தனர். மாண்டியாவில் கரும்பும் நெல்லும் தண்ணீருக்கு ஏங்குவதை இவர்கள் அறிந்தனர். அதுகாறும் பகைவராய்த் தோன்றியவர் ஒரே துயரின் இரு முகங்களாய்த் தோன்றினர். எனினும் அவர்கள் பேச்சு அரசுகளைக் கட்டுப்படுத்தும் உரிமை பெற்றிலது. தீர்வு மீண்டும் மன்றங்களிடமே சென்றது.

2007இல் நடுவர் மன்றம் தமிழகத்திற்கு 419, கருநாடகத்திற்கு 270, கேரளத்திற்கு 30, புதுவைக்கு 7 டி.எம்.சி. எனப் பங்கிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்துக் கருநாடகத்திற்குச் சேர்த்தது. அவ்வாண்டே மேலாண்மை ஆணையமும் அமைந்தது.

இக்கணக்கு இயல்பான மழையாண்டிற்கு உரியது. வறட்சி ஆண்டில் பங்குகளை விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பின் நெறி. ஆனால் எந்த வாரத்தில் எவ்வளவு குறைப்பது, எவர் பயிர் முதலில் காய்வது என்னும் வினாக்கள் எழும்போது பழைய பூசல் திரும்பிவிடுகின்றது. 2016இலும் 2023இலும் நாம் கண்டது அதுவே. ஆணையத்தில் மத்திய, மாநில அரசுகளின் பிரதிநிதிகள் அமர்ந்துள்ளனர்; உழவர்க்கென்று ஓர் இருக்கை இல்லை.

மிகுதியான நீரைப் பங்கிடச் சட்டம் போதும். பற்றாக்குறையைப் பங்கிட நம்பிக்கை வேண்டும். நம்பிக்கை பிறப்பது ஒருவர் வயலை மற்றவர் காணும்போதுதான். ஆதலின், வறட்சி வந்தபின் வழக்காடுவதினும், மழை பெய்யும் ஆண்டிலேயே இரு கரை உழவரையும் அழைத்து வறட்சிக்கான முறையை வகுத்துக்கொள்வதே அறிவுடைமை. 2003இல் உழவர்கள் காட்டிய வழி இன்னும் அடைபடவில்லை; அதில் நடப்பதற்கு அரசுகளே முன்வரல் வேண்டும்.