சிறுவர் அச்சமும் வரலாற்றுச் சான்றும்: அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சி பற்றிய ஒரு நோக்கு

வரலாறு பெரும்பாலும் வளர்ந்தோர் விட்டுச்சென்ற சான்றுகளைக் கொண்டு வளர்ந்தோரைப் பற்றியே எழுதப்பட்டு வந்துள்ளது. அரசரும் வணிகரும் சாசனங்களையும் கணக்கேடுகளையும் விட்டுச்சென்றனர். உழவரும் தொழிலாளரும் பெண்களும் பிற்காலத்திலேனும் வரலாற்றின் பொருளாயினர். ஆனால் எழுத்தறியாத நான்கு, ஐந்து வயதுச் சிறுவர் எவ்வித ஏட்டையும் விட்டுச் செல்வதில்லை. அவர்கள் எதைக் கண்டு மகிழ்ந்தனர், எதைக் கண்டு அஞ்சினர் என்பன அவர்களுடைய நினைவிலன்றி வேறெங்கும் பதிவு பெறுவது அரிது. அத்தகைய நினைவு வரலாற்றுச் சான்றாகுமா என்னும் வினாவுக்கு விடை காண ஐக்கிய அமெரிக்காவின் சிறுவர் தொலைக்காட்சி வரலாறு பெரிதும் உதவுகின்றது.

1969 நவம்பர் 10ஆம் திகதி ‘செசமி ஸ்ரீற்’ என்னும் நிகழ்ச்சி அந்நாட்டில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஜோன் கான்ஸ் கூனி, லொயிட் மொறிசெற் ஆகிய இருவரின் முயற்சியால் 1968இல் அமைக்கப்பட்ட சிறுவர் தொலைக்காட்சிப் பணிமனை இதனைத் தயாரித்தது. வறிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பாடசாலைக் கல்விக்கு ஆயத்தம் செய்வதே அதன் தலையாய நோக்கம். கார்னெகி, போட் ஆகிய நிதியங்களும் அமெரிக்க அரசும் சேர்ந்து ஏறத்தாழ 80 இலட்சம் டொலரை இதற்கு வழங்கின. ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரால்ட் லெசர் ஆலோசகர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். சிறுவர் நிகழ்ச்சியொன்று ஆய்வறிஞரின் துணையுடன் இத்துணை விரிவாகத் திட்டமிடப்பட்டமை அதற்கு முன்னர் காணப்படாத ஒன்றாகும்.

இவ்வாய்வுப் பணியை நெறிப்படுத்தியவர் எட்வேட் பாமர். அவர் வகுத்த முறை எளிமையானது. சிறுவன் ஒருவன் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அருகிலே வேறொரு திரையில் சில விநாடிகளுக்கொரு முறை புதிய படம் காட்டப்படும். அவனுடைய கண்கள் எப்போது தொலைக்காட்சியை விட்டு மற்றத் திரைக்குச் செல்கின்றன என்பதை ஆய்வாளர் குறித்துக்கொள்வர். கண்கள் விலகிய பகுதிகள் திருத்தப்பட்டன. விலகாத பகுதிகள் சிறந்தனவெனக் கொள்ளப்பட்டன. இம்முறையால் விளைந்த நன்மைகள் பல. ஆயினும் இதில் ஒரு குறை மறைந்திருந்தது. விருப்பத்தோடு பார்க்கும் குழந்தையும் திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அச்சத்தால் உறைந்துபோன குழந்தையும் கண்ணை எடுப்பதில்லை. அளவுகோல் கவனத்தை அளந்ததேயன்றி, அக்கவனம் எதனால் விளைந்தது என்பதை அளக்கவில்லை.

இக்குறை வெளிப்பட்ட நாள் 1976 பெப்ரவரி 10 எனலாம். 1939இல் வெளிவந்த ‘விசார்ட் ஒவ் ஒஸ்’ திரைப்படத்தில் கொடிய சூனியக்காரியாக நடித்துப் புகழ்பெற்ற மார்கிறெட் ஹமில்ரன் அன்றைய நிகழ்ச்சியில் அதே வேடத்தில் தோன்றினார். சூனியக்காரி தன் பறக்கும் துடைப்பத்தைத் தெருவிலே தவறவிடுகிறாள். மரியாதையோடு கேட்டாலன்றி அதனைத் திருப்பித் தருவதில்லையென அங்குள்ளோர் மறுக்கின்றனர். அவளோ அவர்களில் ஒருவரைக் கூடைப்பந்தாகவும், சிறுவரின் அன்புக்குரிய பெரிய மஞ்சட் பறவையை இறகுத் துடைப்பமாகவும் மாற்றிவிடுவதாக மிரட்டுகிறாள். அச்சத்தை வென்று உறுதியோடு நிற்கவேண்டும் என்பதே தயாரிப்பாளர் புகட்ட எண்ணிய பாடம்.

விளைவு வேறாயிற்று. பிள்ளைகள் அஞ்சி அலறியதாகவும், நிகழ்ச்சியைப் பார்க்கவே மறுப்பதாகவும் பெற்றோரிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. அடுத்த மாதம் பணிமனையினர் அதனைச் சிறுவர் குழுக்களுக்குக் காட்டி ஆராய்ந்தனர். சிறுவரின் கவனம் உயர்ந்தே காணப்பட்டது. பழைய அளவுகோலின்படி அது வெற்றிபெற்ற நிகழ்ச்சி. எனினும் அதனை மீண்டும் ஒளிபரப்புவதில்லையென முடிவாயிற்று. அதன் முழுப் பிரதி 2022இலேயே பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன் தரும். அதற்கு முந்திய ஆண்டில், 1975இல், அதே நடிகை பிரெட் றொஜர்ஸ் என்பாரின் சிறுவர் நிகழ்ச்சியிலும் தோன்றியிருந்தார். அங்கு அவர் சாதாரண உடையில் வந்து, தாம் முன்னர் பாலர் வகுப்பு ஆசிரியையாக இருந்தமையைக் கூறினார். பின்னர் சூனியக்காரியின் ஆடையைச் சிறுவர் காணவே ஒவ்வொன்றாக அணிந்து, அது வேடமே என்பதை உணர்த்தினார். நடிகையும் ஒருவர், வேடமும் ஒன்று. எனினும் ஒன்று குழந்தைக்கு அச்சம் உண்டென்பதை ஏற்றுக்கொண்டு தொடங்கியது. மற்றையது கதையின் நீதி அச்சத்தைப் போக்கிவிடும் எனக் கருதியது.

நீதி ஏன் அச்சத்தைப் போக்கவில்லை என்பதற்குப் பிற்கால ஆய்வு விடை கூறியது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கன்ரர், சிந்தியா ஹொப்னருடன் இணைந்து 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு மூதாட்டி அழகிய தோற்றத்துடனும் விகாரமான தோற்றத்துடனும், அன்பான நடத்தையுடனும் கொடிய நடத்தையுடனும் தோன்றுமாறு அமைக்கப்பட்ட கதை வெவ்வேறு வயதினருக்குக் காட்டப்பட்டது. வயதில் மூத்த பிள்ளைகள் பெரும்பாலும் நடத்தையைக் கொண்டு அவளை மதிப்பிட்டனர். முன்பள்ளிப் பருவத்தினரோ தோற்றத்தையே பெரிதும் பற்றிநின்றனர். எனவே கதையின் நீதி சின்னஞ் சிறுவருக்கு ஆறுதலாகவில்லை. அவர்கள் கண்டது அவளுடைய பச்சை முகத்தையே.

இவ்வுண்மைக்கு மற்றுமொரு சான்று, அதே நிகழ்ச்சியில் 1975 முதல் சில ஆண்டுகள் இடம்பெற்ற சுவர் வெடிப்புகள் பற்றிய குறும்படமாகும். சில நிமிடங்களே ஓடும் அவ்வசைவோவியத்தில், படுக்கையில் கிடக்கும் சிறுமியொருத்தி சுவரின் வெடிப்புகளில் ஒட்டகம், கோழி, குரங்கு ஆகிய உருவங்களைக் காண்கிறாள். அவை அவளுடைய தோழர்களாகின்றன. பின்னர் வெடிப்புகளின் தலைவன் எனப்படும் கொடிய முகம் தோன்றித் தன் கொடுமையாலேயே சிதைந்து அழிகின்றது. வளர்ந்தோருக்கு இது கற்பனையைப் போற்றும் இனிய கதை. குழந்தைகள் பலருக்கோ தம் வீட்டுச் சுவரே அச்சத்துக்குரியதாயிற்று.

1980ஆம் ஆண்டளவில் இக்குறும்படம் திரையிலிருந்து மறைந்தது. பிற்காலத்தில் அதனை நினைவுகூர்ந்தோர், அப்படியொன்று இருந்ததேயில்லை, கனவாக இருக்கலாம் என்ற மறுமொழியையே கேட்கவேண்டியதாயிற்று. சிலர் தம் நினைவையே ஐயுற்றனர். ஆயினும் ஒருவரையொருவர் அறியாத பலர் அதே ஒட்டகத்தையும் அதே சிதையும் முகத்தையும் விவரித்தனர். 2009இல் ஒருவருக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு பிரதி கிடைத்தது; 2013 இறுதியில் படம் பொதுவெளிக்கு வந்தது. குழந்தைப் பருவ நினைவு உண்மையென நிறுவப்பட்டது. ஏடுகள் மௌனமாயிருந்த இடத்தில் நினைவே சான்றாக நின்றது.

இதனால் எல்லா நினைவுகளும் அப்படியே ஏற்கத்தக்கன என்பது பெறப்படாது. அஞ்சியோர் நினைவில் வைத்திருப்பர், அஞ்சாதோர் மறந்திருப்பர். ஆதலால் எத்தனை பேர் அஞ்சினர் என்பதை நினைவுகளைக் கொண்டு மட்டும் துணிதல் இயலாது. எனினும் அச்சம் நீடித்து நிற்கும் தன்மையது என்பதை ஆய்வுகள் உறுதிசெய்கின்றன. 1999இல் கிறிஸ்ரன் ஹரிசனும் ஜோன் கன்ரரும் 150க்கு மேற்பட்ட பல்கலைக்கழக மாணவரிடம் நடத்திய ஆய்விலே, 90 சதவீதமானோர் இளம் பருவத்தில் திரையிற் கண்ட ஒன்றால் அஞ்சியதை நினைவுகூர்ந்தனர். ஏறத்தாழ 26 சதவீதமானோரிடம் அதன் எச்சம் அன்றும் நிலைத்திருந்தது.

1976க்குப் பின்னர் பணிமனையின் போக்கில் ஏற்பட்ட மாற்றமும் நோக்கற்பாலது. கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982இல் காலமானபோது, அம்மரணத்தைச் சிறுவருக்கு எவ்வாறு கூறுவதென நிபுணரின் ஆலோசனை பெறப்பட்டு, 1983 நவம்பரில் அந்நிகழ்ச்சி ஒளிபரப்பப்பட்டது. மணமுறிவு பற்றி 1992இல் தயாரிக்கப்பட்ட நிகழ்ச்சி முன்கூட்டியே சிறுவர் குழுக்களுக்குக் காட்டப்பட்டது. பெற்றோர் பிரிந்தால் பிள்ளைமீது அவர்கள் கொண்ட அன்பும் நீங்கிவிடும் எனச் சிறுவர் சிலர் விளங்கிக்கொண்டமை தெரியவந்ததும், முற்றாக முடிக்கப்பட்ட அந்நிகழ்ச்சி ஒளிபரப்பப்படாமலே கைவிடப்பட்டது. கண்கள் எங்கே நோக்குகின்றன என்று மட்டும் கேட்டவர்கள், உள்ளம் எதை உணர்கின்றது என்றும் கேட்கத் தலைப்பட்டனர்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது 1985இல் நிகழ்ந்த மாற்றமாகும். 1971 முதல் அந்நிகழ்ச்சியில் மஞ்சட் பறவைக்கு யானைபோன்ற ஒரு தோழன் இருந்தான். பறவை அவனைப் பற்றிக் கூறும்போதெல்லாம் வளர்ந்தோர் அதனைக் கற்பனையென ஒதுக்கினர். பதினான்கு ஆண்டுகள் இது நகைச்சுவையாகவே நிலவியது. ஆனால் தாம் கூறுவதை வளர்ந்தோர் நம்பமாட்டார் என்ற எண்ணம் வேரூன்றினால், தமக்கு இழைக்கப்படும் கொடுமையையும் பிள்ளைகள் கூறாமல் மறைத்துவிடுவர் என்ற கவலை எழுந்தது. அதனால் 1985 நவம்பரில் அத்தோழன் எல்லோர் முன்னிலையிலும் தோன்றினான். பறவையை நம்பாத வளர்ந்தோர் அதனிடம் மன்னிப்புக் கேட்டனர்.

சுவர் வெடிப்புப் படத்தை நினைவில் வைத்திருந்தோருக்கும் அப்பறவைக்கும் நேர்ந்தது ஒன்றே: இருவரும் கண்டதையே கூறினர், இருவரும் நம்பப்படவில்லை. குழந்தையின் சொல் நுணுக்கங்களில் தவறலாம். தான் அஞ்சியது என்று அது கூறுவது தவறாவதில்லை. அச்சொல்லைச் செவிமடுத்தல் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கடமையாதல் போலவே, வரலாறு எழுதுவோருக்கும் கடமையாகும்.