தொட்டுப் பார்க்காத வைத்தியம்

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தோடு இருந்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரிய வியாதி என்றால் திருச்சி பெரியாஸ்பத்திரி, இல்லாவிட்டால் தஞ்சாவூர். அரியலூர்க்காரர்களுக்காவது ரயில் உண்டு. பெரம்பலூருக்கு இன்றைக்கும் பஸ்தான் கதி. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் சேர்ந்து, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. (போர்டு எழுதுகிறவருக்கு நல்ல வரும்படி!) அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வர 2022 ஆகிவிட்டது. டாக்டரைப் பார்ப்பது என்றால் கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலி போச்சு.

டாக்டரையே திரையில் ஊருக்கு வரவழைத்தால் என்ன? 2000 மார்ச்சில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் அப்போலோ அதைத்தான் செய்தது. தொடங்கி வைத்தவர் கிளிண்டன். பிறகு இஸ்ரோ செயற்கைக்கோள் வழியே பல ஆஸ்பத்திரிகளை இணைத்தது. எத்தனை ஊர், எத்தனை பேர் என்று எல்லோரும் எண்ணினார்கள். குணமாச்சா என்று கேட்டவர்கள் குறைவு.

பீகாரில் கேட்டார்கள். ஊர் வைத்தியர்களை நகரத்து டாக்டர்களோடு இணைத்த பெரிய திட்டம் அது. ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய், குழந்தைகளின் வயிற்றுப்போக்கையும் நிமோனியாவையும் கணக்கெடுத்தார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது: சரியான சிகிச்சை கூடவுமில்லை, நோய் குறையவுமில்லை. பணம் கொட்டியும் பலன் பூஜ்யம்!

அதற்கு நேர்மாறான ஏற்பாடு நமக்குப் பக்கத்திலேயே இருந்தது. 2010-இல் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஸ்கார்ஃப் நிறுவனம் ஒரு பஸ்ஸை அனுப்பியது. மனநல டாக்டர் சென்னையில், திரையில். பஸ்ஸுக்குள்ளேயே மருந்தகம், கூட இருந்து பேச உள்ளூர் பணியாளர். பார்த்த கையோடு மாத்திரையும் கைக்கு வந்துவிடும். என் அபிப்பிராயத்தில், திரைக்கு இந்தப் பக்கம் நோயாளியோடு யார் நிற்கிறார் என்பதில்தான் தரமே இருக்கிறது.

2020 மார்ச்சில் மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது. நேரில் வரச் சொல்ல வேண்டுமா என்பதை டாக்டரே முடிவு செய்ய வேண்டும். போதை தரும் மருந்துகளை எழுதக் கூடாது. சில மருந்துகளுக்கு முதல் தடவை வீடியோவில் பார்த்தே ஆக வேண்டும். அடுத்த மாதமே வீட்டிலிருந்து டாக்டரோடு பேச இ-சஞ்சீவனி வசதி வந்தது. அந்த ஆகஸ்டில் தமிழ்நாடுதான் முதலிடம், 56 ஆயிரத்துக்கும் மேல். சந்தோஷம்தான். ஆனால் இதுவும் எண்ணிக்கைதானே?

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். புதுக்கோட்டை பஸ் செய்த வேலையை அவர்கள் செய்யலாம். டாக்டர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பிரஷர் பார்த்துச் சொல்லலாமே?

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு என்.எஸ்.எஸ். முகாமில் ஒரு வேலை தருகிறேன். வேப்பூர் பக்கமோ செந்துறை பக்கமோ, போனில் டாக்டரிடம் பேசியவர் வீட்டுக்கு ஒரு வாரம் கழித்துப் போங்கள். டாக்டர் சொன்னது புரிந்ததா, எழுதிய மாத்திரை கிடைத்ததா, அப்புறம் வேறு டாக்டரிடம் ஓட வேண்டி வந்ததா என்று கேளுங்கள். நோட்டில் எழுதி, அடுத்த மலருக்கு அனுப்புங்கள்.