முட்டைக்குள் ஒரு சரக்குப் போக்குவரத்து: பழ ஈ தீர்த்துவைத்த பழைய வழக்கு

மட்டாஞ்சேரி அரண்மனையை மக்கள் இன்றும் டச்சு அரண்மனை என்றே அழைக்கின்றனர். போர்த்துகீசியர் கட்டிய அதனை, 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் புதுப்பித்தனர். அவர்களுடைய மலபார் ஆளுநர் வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் மருத்துவர்களின் அறிவைத் திரட்டி உருவாக்கிய ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது.

கொச்சியின் தாவரங்கள் ஏடேறிய அதே தலைமுறையில் ஐரோப்பாவில் முட்டை பற்றிய வழக்கொன்று சூடுபிடித்திருந்தது. புழுக்கள் அழுகிய இறைச்சியிலிருந்து தோன்றுவதில்லை, ஈயிட்ட முட்டையிலிருந்தே வருகின்றன என்று 1668இல் ரெடி காட்டினார். டச்சு அறிஞர் ஸ்வாமர்டாம் 1669இல் பூச்சிகளின் வளர்ச்சி குறித்து நூல் வெளியிட்டார். உடல் முட்டைக்குள் முன்பே சிறுவடிவில் இருக்கிறதா, படிப்படியாக உருவாகிறதா என்பதே வழக்கு. 1759இல் வோல்ஃப் இரண்டாம் கட்சிக்கு வாதாடினார். எனினும், உருவற்ற முட்டைக்குத் தலை எது, வால் எது என்று தெரிவிப்பது யார் என்ற வினா எஞ்சி நின்றது.

பழ ஈயின் சூலகத்தில் 16 செல்கள் ஒரு கூட்டமாகப் பிணைந்துள்ளன. ஒன்று முட்டையாகிறது, மற்ற 15 செவிலிச் செல்கள் ஆர்என்ஏவையும் புரதங்களையும் ஆக்கி, இணைப்பு வளையங்களின் வழியே அதற்கு ஊட்டுகின்றன. சரக்கு உண்டு, சுமப்பவர் யார்? 1985இல் வேல், ரீஸ், ஷீட்ஸ் ஆகியோர் கணவாய் மீனின் நரம்பிழையில் கைனசின் என்னும் மோட்டார் புரதத்தைக் கண்டறிந்தனர். அது நுண்குழல்களின் ஒரு முனை நோக்கி நடக்கிறது; டைனின் எதிர்முனை நோக்கி நடக்கிறது. செவிலிச் செல்களிலிருந்து முட்டைக்குச் சரக்கைக் கடத்துவதில் டைனினுக்குப் பெரும்பங்கு உண்டு.

சரக்கு சேருமிடம் எவ்வளவு முக்கியம் என்பதை 1992இல் எஃப்ருசியும் லேமனும் நிறுவினர். வழக்கமாகப் பின்முனையில் தங்கும் ‘ஆஸ்கார்’ ஆர்என்ஏவை அவர்கள் முன்முனையில் தங்கச் செய்தபோது, இனச்செல்கள் அங்கேயே தோன்றின. கைனசின் இல்லாத முட்டையில் ஆஸ்கார் பின்முனையை அடைவதில்லை என்பது 2000இல் தெளிவாயிற்று. 2008இல் தனித்தனித் துகள்களைப் பின்தொடர்ந்தபோது வியப்பொன்று காத்திருந்தது: அவை நேர்வழியில் செல்லவில்லை. எல்லாத் திசைகளிலும் அலைந்தன. பின்முனை நோக்கிய சாய்வு சிறிதளவே. அச்சிறு சாய்வு நெடுநேரம் நீடிப்பதால் சரக்கு உரிய இடத்தில் குவிகிறது. முட்டை முதிரும்போது அதே கைனசின் உட்பாய்மத்தையே சுழன்றோடச் செய்கிறது.

ஆக, வழக்கில் இரு தரப்புக்கும் பாதி வெற்றி. முட்டைக்குள் சிற்றுருவம் இல்லை. ஆனால் தாயுடலில் இருக்கும்போதே திசை வகுக்கப்பட்டுவிடுகிறது. இதனை எல்லா உயிர்க்கும் பொதுவிதியாக்குதல் தவறு. ஈயின் தலைப்பகுதியை வகுக்கும் ‘பைகாய்ட்’ மரபணு பாலூட்டிகளில் இல்லை; பூச்சிகளிலும் ஈ இனங்கள் சிலவற்றுக்கே உரியது. எனினும், என்ன உண்டாகிறது என்பதோடு அது எங்கே கொண்டுசேர்க்கப்படுகிறது என்பதும் உடலின் வடிவைத் தீர்மானிக்கும் என்னும் பாடம், மரபணுப் பட்டியலோடு நின்றுவிடும் ஆய்வாளர் எவருக்கும் உரியது.