தொமெனிக்கீனோவின் ‘புனித செசிலியா’

இசைக்கலைஞர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவை இத்தாலிய ஓவியர் தொமெனிக்கீனோ (1581–1641) தீட்டிய தைலவண்ண ஓவியம் இது. காலம் ஏறத்தாழ 1617–18. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னரிடம் இருந்த இது, இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

செசிலியா உரோமையின் தொடக்ககால மறைசாட்சி. அவருடைய திருமண நாளில் வாத்தியங்கள் முழங்க, அவரோ மனத்துக்குள் இறைவனை மட்டுமே பாடிக்கொண்டிருந்தாராம். வாத்தியங்களைக் குறித்த இலத்தீன் சொல்லைப் பின்வந்தவர்கள் ‘ஆர்கன்’ என்று படித்ததால் அவர் கைக்கு ஆர்கன் வந்து சேர்ந்தது. வெளி இசையைக் காதில் வாங்காத பெண்ணே இசைக்குத் துணையானார். நவம்பர் 22 அவரது திருநாள்.

இந்த முரணைக் கையாள்வதுதான் ஓவியர்களுக்குச் சவால். இந்த ஓவியத்துக்குச் சுமார் நூறாண்டுகளுக்கு முன்பு ரஃபேல் வரைந்த செசிலியாவின் காலடியில் வாத்தியங்கள் உடைந்து கிடக்கின்றன. கையிலுள்ள சிற்றார்கனின் குழல்களும் நழுவி விழுகின்றன. விண்ணின் பாடலுக்கு முன் மண்ணின் இசை எதற்கு என்கிறது அந்தப் படம். அது இருந்த பொலோஞ்ஞா நகரில்தான் தொமெனிக்கீனோ பிறந்தார். ஆனால் அவர் வாத்தியத்தை உடைக்கவில்லை. புனிதையிடமே கொடுத்து வாசிக்க வைத்தார்.

அந்த வாத்தியம் வயோலா த கம்பா. வயலினைவிடப் பெரியது, நிமிர்த்தி வைத்து வில்லால் வாசிப்பது, கழுத்தில் வீணையைப் போல மெட்டுகள் உண்டு. பக்கத்தில் சிறகு முளைத்த குழந்தை வானதூதர் இசைச்சுவடியை விரித்துத் தலைமேல் தாங்கி நிற்கிறார். செசிலியா அதைப் பார்க்கவே இல்லை. விரல்கள் தந்திகளில் இருக்க, கண்கள் மேலே போய்விட்டன. பக்தியை அழுகையாகவோ மயக்கமாகவோ காட்டாமல், கை தவறாத வாசிப்பாகவே காட்டியதுதான் இந்த ஓவியத்தின் உயர்வு.

தலைப்பாகை அணிந்த இந்த உருவத்துக்கு, அதே காலத்தில் அவர் வரைந்து உரோமையின் போர்கேசே அருங்காட்சியகத்தில் உள்ள ‘கூமையின் சிபில்’ என்ற குறிசொல்லி உடன்பிறந்தாள் போன்றவள். அங்கும் பின்னால் ஒரு கம்பா தெரிகிறது. தொமெனிக்கீனோவுக்கு இசைமீது தீராத நாட்டம். புதுவகை வாத்தியங்களைச் செய்து பார்த்தவர் என்று அவர் வரலாற்றை எழுதிய பெல்லோரி பதிவு செய்திருக்கிறார்.

செசிலியா அப்போது உரோமையின் பேச்சாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 1599இல் கர்தினால் ஸ்ஃபொந்திராத்தோ அந்நகரின் திராஸ்தேவரே பகுதிக் கோயிலில் அவரது கல்லறையைத் திறந்தபோது புனிதையின் உடல் அழியாமல் இருந்ததாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஸ்தெஃபானோ மதெர்னோ, கழுத்தில் வாள்வெட்டுடன் ஒருக்களித்துக் கிடக்கும் செசிலியாவைப் பளிங்கில் வடித்தார். 1606இல் ஓவியர் குயிதோ ரேனி செசிலியாவை வயலினுடன் வரைந்தார். தொமெனிக்கீனோவே 1612 முதல் 1615 வரை, உரோமையின் சான் லுயிஜி தேய் பிரான்சேசி கோயில் சிற்றாலயத்தில் செசிலியாவின் வாழ்க்கையைச் சுவரோவியங்களாகத் தீட்டினார். அந்தப் பணி முடிந்த சில ஆண்டுகளில் பிறந்ததே லூவர் ஓவியம்.